பளிச்சுன்னு கேட்டா நல்ல மைக்கா?

வீட்டுலயே கண்டென்சர் மைக் செய்யுற நம்மாளுங்க மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னிக்கு கொட்டிடறேன். (நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான், உரிமையோட திட்டலாம்.)

புதுசா மைக் செஞ்சவர் யாரைக் கேட்டாலும் "செம க்ளியர் பாஸ்" என்பார். கேட்டுப் பார்த்தால் 'ஸ', 'ச', 'ஷ' மூணும் ஊசியாகக் குத்தும். அது தெளிவு இல்லீங்க. 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பல டெசிபல் தூக்கலா நிக்குது, அவ்வளவுதான். சாம்பார்ல உப்பு கூடிப்போனா 'சுவை அதிகம்'னு சொல்வோமா?

மலிவா கிடைக்கிற 34 மில்லிமீட்டர் கேப்சூல்கள்ல நிறைய, நாய்மன் கம்பெனியோட (சிரிக்காதீங்க, ஜெர்மன்காரங்க பேரு) கே67-ஐப் பார்த்துச் செஞ்சவை. 1960-ல் வந்த யூ67-க்கான கேப்சூல் அது. மேல் அலைவரிசை அதுல இயல்பாவே தூக்கல். அது தெரிஞ்சுதான் யூ67-லயும், 1967-ல் வந்த யூ87-லயும் சர்க்யூட்ல எதிர்ப் பின்னூட்டம் (நீங்க போடுற பின்னூட்டம் இல்ல!) வச்சு அதைத் தணிச்சாங்க.

நாம என்ன பண்றோம்? கேப்சூலை மட்டும் வாங்கி, ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஷொப்ஸ் பாணி சர்க்யூட்ல சொருகுறோம். அது வர்றதை அப்படியே அனுப்பும், தணிக்காது. பாதி டிசைனை காப்பியடிச்சுட்டு, மீதிக்குப் பதிலா விலை கூடின கெபாசிட்டரா மாத்திக்கிட்டு திரியறோம். இன்னும் சிலர் கூண்டுக்குள்ள ஸ்பாஞ்ச் அடைக்கிறாங்க. உள்ளே எதிரொலி கொஞ்சம் அடங்கும், கேப்சூலோட மேடு அப்படியேதான் நிக்கும்.

"அப்புறமா ஈக்வலைசர்ல குறைச்சுக்கலாமே?" ஒத்துக்கறேன், கணக்குப்படி ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சிக்னல் எங்கேயும் க்ளிப் ஆகாத வரைக்கும்.

எனக்கு ஆச்சு. பார்வையற்ற மாணவர் ஒருத்தருக்காக பாடப்புத்தகம் வாசிச்சுக் கொடுத்தேன், சுமார் 6 மணி நேரம். அவர் ஹெட்ஃபோன்ல வேகத்தைக் கூட்டி வச்சு கேட்பவர். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, அரை மணிக்கு மேல காது வலிக்குது"ன்னார். ஈக்வலைசரைத் திருகோ திருகுன்னு திருகினேன். 'ஸ' வர்ற இடமெல்லாம் ப்ரீஆம்ப்லயே நசுங்கிப் போயிருந்துச்சு. சத்தம் குறைஞ்சது, கரகரப்பு போகலை. பரீட்சைக்கு ரெண்டே வாரம். மொத்தத்தையும் மறுபடி வாசிச்சேன்.

அதுக்கு முன்னாடி, எஃப்ஈடியோட டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவே சில நானோஃபாராட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒண்ணு வச்சேன். சில்லறைக் காசு சமாச்சாரம். எஃப்ஈடிக்கு ஏத்த மாதிரி மதிப்பு மாறும், ரெண்டு மூணு போட்டுக் கேட்டுப் பாருங்க. மைக்கை வாய்க்கு நேரா வைக்காம சாய்ச்சும் வச்சேன். 10 கிலோஹெர்ட்ஸ் அலையோட நீளமே 3.4 சென்டிமீட்டர், கேப்சூல் அகலம்தான். அதனால பக்கவாட்டுல வந்தா அது மட்டும் தணியும். சால்டரிங் பிடிக்கும்போது கை நடுங்குதா? தூக்கல் குறைவான கே47 வகை கேப்சூலை வாங்கிக்குங்க.

இப்ப அவர் அடுத்த புத்தகம் கேட்டிருக்கார். வரலாறு. 'ஷாஜஹான்' எத்தனை தடவை வருதுன்னு எண்ணிக்கிட்டிருக்கேன்.