ஒரு காட்சி சான்றாகுமா?



உடல்பருமன் பற்றிய தங்கள் கட்டுரை, 'சூப்பர் சைஸ் மீ' (2004) ஆவணப்படத்தையே சான்றாகக் காட்டியது சரியல்ல. அதன் இயக்குநர் மார்கன் ஸ்பர்லாக் மெக்டொனால்ட்ஸ் உணவைத் தின்று தீர்க்க முடியாமல் கார் ஜன்னல் வழியே வாந்தியெடுக்கும் காட்சி நம் வயிற்றையும் புரட்டுகிறது. பின்னர் மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவோடு கல்லீரல் பாதிப்பு பற்றி எச்சரிக்கும்போது, கேள்வி கேட்கவே தோன்றுவதில்லை. ஆனால் அது ஒரே மனிதர் 30 நாள் அந்த உணவை மட்டும் தின்று பார்த்த சோதனை! நெடுங்காலக் குடிப்பழக்கத்தை அவர் 2017இல் ஒப்புக்கொண்டார். அப்படியானால் அந்தக் கல்லீரல் பாதிப்புக்கு எதைக் காரணம் சொல்வது?

இதற்கு மாறாக, அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை 26 ஆண்டுகள் கவனித்த பிறகே, உடல்பருமன் தனித்தே இதயநோய்க்கு வழிவகுக்கும் என்று ஆய்வாளர்கள் 1983இல் எழுதினார்கள். மாணவர்களுக்குப் படத்தைக் காட்டுங்கள். அந்த ஆய்வையும் கூடவே சொல்லுங்கள்.

– கல்லூரி ஆசிரியை, பாளையங்கோட்டை