மூன்று நிமிடத்தில் கொலையாளி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு கொலை நடக்கும். பயப்பட வேண்டாம், 'மர்டில்' என்ற துப்பறியும் விளையாட்டுதான். யார் கொன்றது, எதனால், எந்த இடத்தில் என்று கட்டம் போட்டு, பொருந்தாததை அடித்துக்கொண்டே வர வேண்டும். முடித்த நேரத்தைக் குழுவில் போடுவோம். எனக்கு இருபது நிமிடம் ஆகும். படுக்கையோடு இருக்கும் என் அக்காவுக்கு அரை மணி. அவருக்கு ஒரு நாளில் இருக்கும் சந்தோஷம் அது ஒன்றுதான்.

போன மாதம் முதல் என் தங்கை மகன் மூன்று நிமிடத்தில் முடிக்க ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்தபோது அவனே ரகசியத்தைக் காட்டினான். பிரவுசரில் 'இன்காக்னிடோ' என்று ஒரு சன்னல் இருக்கிறதாம். அதைத் திறந்தால் விளையாட்டுக்கு இவன் புது ஆள். முதலில் அதில் ஆடி விடையைத் தெரிந்துகொண்டு, பிறகு வழக்கமான சன்னலில் வந்து 'கண்டுபிடிக்கிறான்'.

"இது ஏமாற்று இல்லை மாமா, புத்திசாலித்தனம். கதவைத் திறந்து வைத்தது அவர்கள் தப்பு. 'வேர்டில்' வந்த புதிதில் எல்லா நாளுக்குமான விடையும் அந்தப் பக்கத்தின் புரோகிராமிலேயே கிடந்தது, தெரியுமா?"

தெரியும். 2,300-க்கும் மேற்பட்ட சொற்கள், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி. கிடந்தால்? நான் அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவன். பீரோவில் சாவி தொங்கும், உள்ளே சக ஊழியரின் ரகசிய அறிக்கை இருக்கும். சாவி தொங்கியதே என்று எடுத்துப் படித்தவனை நாங்கள் புத்திசாலி என்று அழைத்ததில்லை. வேறு பெயர் இருந்தது, இங்கே எழுத முடியாது.

உள்ளே எட்டிப் பார்ப்பதே பாவம் என்று சொல்லவில்லை. இந்தூர் ஐ.ஐ.எம். மாணவர்கள் நடத்தும் 'க்ளூலெஸ்' புதிர் வேட்டையில் துப்பே பக்கத்தின் முகவரியிலும் புரோகிராமிலும்தான் ஒளிந்திருக்கும். அங்கே தோண்டாதவன் மண்டு. ஏனென்றால் எல்லோருமே தோண்டுகிறார்கள்.

2021 ஜூனில் அட்சய பாத்திரா அறக்கட்டளைக்கு நிதி திரட்ட, விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் சதுரங்கம் ஆடினார். 'ஜெரோதா' நிகில் காமத் அவரை ஜெயித்துவிட்டார். மறுநாளே, கணினியின் உதவியும் ஆட்டத்தை அலசியவர்களின் உதவியும் இருந்தது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கைக்காக, தர்ம காரியத்துக்காக என்றும் சொன்னார். இருக்கட்டும். ஐந்து முறை உலக சாம்பியனான மனிதர் அந்த நேரம் பலகையில் இருந்த காய்களை மட்டும் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் திருத்தணி மலைக்கு 365 படி. வண்டிப் பாதையும் உண்டு. முழங்கால் போன பிறகு நானும் வண்டியில்தான் போகிறேன், முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வண்டியிலிருந்து இறங்கி, படியேறி வந்தவர்கள் நடுவில் நின்றுகொண்டு, "அப்பாடா, என்ன ஏற்றம்!" என்று வேர்வையைத் துடைத்தால்?

தனியாக ஆடு, நூறு சன்னல் திற, யார் கேட்டது? நேரத்தைக் குழுவில் போடாதே என்றுதான் சொல்கிறேன். அக்கா மூன்று நாளாகத் தன் நேரத்தைப் போடவில்லை. போன் செய்து கேட்டேன். "எனக்கு மூளை மங்கிப்போச்சுடா தம்பி. அந்தப் பிள்ளை மூணு நிமிஷத்துல முடிக்கிறான்" என்றார்.

நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் அவனே சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன்.