‘செட்’டுக்குத் தமிழ் யாது?

தமிழாசிரியரை மடக்க விரும்புவார் வழக்கமாக விடுக்கும் வினா ஒன்றுண்டு. “‘செட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்” என்பர். விடையிறுப்பவர் ஒரு நொடி தயங்கினால் போதும், “பார்த்தீர்களா, தமிழில் இல்லை! அதனாலன்றோ ஆங்கிலத்தை ஆள்கிறோம்” என்று நகைத்து நகர்வர். அத்தயக்கத்திற்குக் கரணியம் சொல்லின்மை அன்று. எந்தச் செட்டைக் கேட்கின்றனர் என்பது விளங்காமையே.

ஆரணிப் பட்டுக்குப் பெயர்போன வட்டாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து வெம்பாக்கத்தில், இச்சொல் ஒரே பகற்பொழுதில் எத்தனை வேடம் புனைகிறது என்று காண்க. விடியலில் உழவர் ‘பம்பு செட்’டை முடுக்கக் கொல்லைக்குப் போகிறார். வீட்டுப் பெரியவர் ‘பல் செட்’டைக் கழுவி மாட்டுகிறார். பள்ளிப் பிள்ளை கடிகாரத்தில் மணி ‘செட்’ பண்ணுகிறான். உண்டிச்சாலையில் ‘செட் தோசை’. கோயில் விழாவில் ‘மைக் செட்’. கொத்தர், நேற்றைய பூச்சுச் ‘செட்’ ஆயிற்றா என்று தட்டிப் பார்க்கிறார். பெண்ணைப் பெற்றவர், வந்த இடம் ‘செட்’ ஆகவில்லை என்று பெருமூச்செறிகிறார். ஒருங்கு படித்தோர் ‘எங்க செட்’. ஒருங்கு கெட்டோர் ‘செட்டு சேர்ந்தவர்கள்’. இவற்றுக்கெல்லாம் முடியாக, கல்லூரி ஆசிரியப் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வும் தன் ஆங்கில முதலெழுத்துகளால் ‘செட்’ ஆகிவிட்டது. தொல்காப்பியம் பயிற்றுவிக்கப் புகுவாரையும் “செட் தேறிவிட்டீர்களா?” என்றே கேட்கின்றனர் எனின், பம்பு முடுக்கும் உழவரை நோவதால் ஆவதென்?

இச்சொல் தான் பிறந்த நாட்டிலேயே அகரமுதலியாளரை அலைக்கழித்தது. ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு மட்டும் 430-க்கு மேற்பட்ட பொருள்கள் காட்டப்பெற்றன; அவற்றின் விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் சொல் 645 பொருளோடு அதனை முந்திவிட்டதாக 2011-இல் செய்தி வந்தது. ‘செட்’ என்பது உண்மையில் ஒரு சொல்லும் அன்று. இருத்து, அமர்த்து என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினை ஒன்று. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்து, இலத்தீனத்தினின்று பழம் பிரெஞ்சு வழியாக வந்த பெயர் மற்றொன்று. இரு வேறு குடிப்பிறந்த சொற்கள் ஒலியொப்பால் ஒரே வீட்டில் குடியேறிவிட்டன. அக்குழப்பத்தை ஆங்கிலேயர் தம் பிற சொற்களைக் கொண்டு ஈடுசெய்து கொள்கின்றனர். அவர்களுக்கு இணைக்கு ஒரு சொல், குழுவுக்கு ஒரு சொல், கட்டுக்கு ஒரு சொல் இன்றும் வழக்கில் உள்ளன. நாமோ அவர்களுடைய மூட்டையை மட்டும் வாங்கி, நம் பேழையைத் தெருவில் வைத்துவிட்டோம்.

நம் பேழையில் ‘செட்டு’ என்றே ஒரு சொல் இருந்ததும் பலர்க்குத் தெரியாது. வணிகம், சிக்கனம் என்பன அதன் பொருள். “கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்” என்று பாட்டிமார் சொல்வதில் ஆங்கிலம் ஒரு துளியும் இல்லை. இன்றைப் பிள்ளை அதைக் கேட்டால், பாட்டி ஆங்கிலம் பேசுகிறாள் என்றே எண்ணும்.

பல பொருள் உடைமை ஒரு சொல்லுக்குக் குற்றமா எனின், அன்று. தமிழிலும் அத்தகையன மிகப்பல; திவாகரம் அவற்றுக்கென்றே ஒரு தொகுதி வகுத்துள்ளது. ஆயினும் தொல்காப்பியர் இங்கே ஒரு வரம்பு கட்டினார். பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என இரண்டாகப் பிரித்தார். ‘மா பூத்தது’ எனின் மரம் என்பது வினையால் விளங்கும். ‘மா வீழ்ந்தது’ எனின் மரமோ விலங்கோ என்று மயங்கும். ஆங்கே இன்னது என வெளிப்படக் கூறல் வேண்டும் என்பது அவர் நெறி. இனி, “செட் வந்துவிட்டதா?” என்னும் தொடரை அவர்முன் வைத்துப் பாருங்கள். வந்தது பொறியா, பல்லா, தோசையா, ஒலிபெருக்கியா, நாடகக் காட்சியமைப்பா?

இம்மயக்கம் பேச்சோடு நின்றால் பொறுக்கலாம். தறி வீட்டில் அது கூலியைத் தொடுகிறது. ‘இரண்டு செட்’ வேண்டுமென்று ஒரு வணிகர் சொல்லியனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது புடைவையும் அதற்கேற்ற சட்டைத் துணியுமா? கூறைப்புடைவையும் மாப்பிள்ளை வேட்டியும் துண்டுமா? ஒரே நிறத்தில் அக்கை தங்கையர்க்கென இரண்டிரண்டு புடைவைகளா? நெய்பவர் ஒன்றை எண்ணிப் பாவு ஏற்றுவார். வாங்குபவர் மற்றொன்றை எண்ணி விலை பேசுவார். கணக்குத் தீர்க்கும் நாளில் எவர் பொருள் வெல்லும்? சொன்னவன் பொருளே வெல்லும். கேட்டவனுக்குக் கைப்பொருள் குறையும். தெளிவற்ற சொல் எப்போதும் வலியவன் பக்கமே சாயும்.

இத்தனைக்கும் நெசவைப்போல் நுணுகிப் பெயரிட்ட தொழில் தமிழில் அரிது. நூல் ஒன்றே; சுற்றிய வகையால் அது கழி, சிட்டம், கண்டு, தார் எனப் பெயர் மாறுகிறது. நெடுக்கே ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. நெய்த புடைவையில் உடல் வேறு, கரை வேறு, முந்தி வேறு. எழுத்தறியாத மூதாட்டியும் இவற்றுள் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லமாட்டாள். சொன்னால் வேலை கெடும். பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலை நாடிப் போவதைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை, வயிறு பெரிது. ஆனால் தறியோடு அப்பெயர்களும் போகின்றன. எஞ்சியவற்றின் மேலும் ‘செட்’ என்னும் ஒற்றைப் போர்வை விழுகிறது.

நம் அணியினரையும் ஈண்டுச் சிறிது கடிந்துகொள்ளல் வேண்டும். ‘செட்’டுக்கு ஒரே சொல் ஆக்கியே தீர்வதென்று சிலர் முனைகின்றனர். ‘தொகுதி’ என்று ஒருவர் முடிவுகட்டினார் எனில், அடுத்த நாளே பம்புத் தொகுதி, பற்றொகுதி, தோசைத் தொகுதி என எழுதத் தொடங்குகின்றனர். இது தமிழ் உடுத்த ஆங்கிலமே. உழவர்க்கு நீரிறைப்பொறி போதும். ஏற்றமும் கவலையும் எவரிடமும் செட்டுக் கேட்கவில்லை. பல்லுக்குக் கட்டுப்பல். கடிகாரத்தில் மணி வைக்கிறோம். பூச்சு இறுகும், தயிர் உறையும், சாயம் பற்றும், மாப்பிள்ளை பொருந்துவான், அல்லது ஒத்துவரமாட்டான். உடன்பயின்றோர் ஒருசாலை மாணாக்கர். மாடு இரண்டாயின் ஓர் ஏர். தட்டில் தோசை இரண்டாயின் இணை. (மூன்று வைத்துத் தருகிற கடைக்காரர் நம் நன்றிக்கு உரியவர், பெயரை அவரே வைத்துக்கொள்ளட்டும்.)

கணக்கியலார் இதனை நமக்கு முன்பே உணர்ந்தனர். அவர்களின் ‘செட்’ வரையறுத்த பொருளுடைய துறைச்சொல். அதனைத் தமிழகப் பள்ளிநூல்கள் ‘கணம்’ என்கின்றன. ஈழத்துப் பள்ளிநூல்கள் ‘தொடை’ என்கின்றன. கணம் சங்கச் செய்யுளிலேயே கூட்டப்பொருளில் ஆளப்பெற்ற சொல். தொடையோ தொடுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. பூத்தொடுப்பார்க்கும் யாப்பறிவார்க்கும் ஒருங்கே உரியது. இரண்டும் நன்று. கடலின் இருகரையிலும் ஒன்றையே ஆண்டால் இன்னும் நன்று. கருதத்தக்கது யாதெனின், துறை இன்னது என்று தெளிந்தவுடன் சொல் தானே வந்து நின்றது.

அயற்சொல் ஆங்கிலத்தோடுதான் வந்தது என்று எண்ணவும் வேண்டா. செய்யாற்று வட்டாரத்துப் புரிசை தெருக்கூத்தால் பெயர்பெற்ற ஊர். கூத்தர் குழுவுக்கு இப்பக்கம் வழங்கும் பெயர் ‘சமா’. அது உருது வழி வந்தது. விடிய விடியத் தமிழில் பாடி ஆடும் குழுவின் பெயர்மட்டும் தமிழன்று! ஆயின் அக்கூத்தில் அவர்களுக்கு நாடகச் ‘செட்’ தேவைப்படவில்லை. இருவர் பிடிக்கும் ஒரு திரை போதும். அதன் பெயர் இன்றும் திரைதான்.

செய்யத்தக்கது பெரிதன்று. வெம்பாக்கத்துப் பள்ளிகளில் விடுமுறைப் பணியாக ஒவ்வொரு மாணாக்கனும் ஒரு தறிவீட்டிற்குச் சென்று, அங்குள்ள பெயர்களை முதியோர் வாய்ப்படக் கேட்டு எழுதி வரலாம். பாவாணர் 1974-இல் பொறுப்பேற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி அவர் மறைவுக்குப் பின்னும் பல்லாண்டு நடந்தே நிறைவெய்தியது. அத்தகைய பணிகளுக்கு ஊர்தோறும் இப்படித் திரட்டிய சொற்களே மூலப்பொருள். மற்றொன்று வாங்குவார் விற்பார் கையில் உள்ளது. பற்றுச்சீட்டில் ‘செட் 2’ என்று எழுதும் இடத்தில் ‘கூறைப்புடைவை 2, சட்டைத்துணி 2, வேட்டி 2’ என்று எழுதச் சொல்லி நெசவாளர் கேட்கட்டும். அதற்கு அரசாணை வேண்டா, மாநாடு வேண்டா. இரண்டு வரி கூடுதலாக எழுதினால் மை சிறிது செலவாகும், கூலி குறையாது.