வாங்க, எங்க ஊர்ல வெச்சுக்கலாம்!

செங்கோட்டைப் பக்கம் வாலிபால் டோர்னமென்ட் எந்த ஊரில் என்பது சுலபமாக முடிவாகும். எவன் மைதானமும் தந்து, வர்ற டீமுக்கு ராத்திரி பரோட்டாவும் வாங்கித் தர்றானோ, அவன் ஊர்!

பெரிய போட்டிகளும் ஆரம்பத்தில் இப்படித்தான் சார். 1930-ல் முதல் உலகக் கோப்பை கால்பந்து உருகுவேக்குக் கிடைத்தது எப்படி? 'கப்பல் டிக்கெட், தங்கல், சாப்பாடு எல்லாம் எங்க செலவு' என்றார்கள். அவ்வளவுதான்.

நம்ம கதைக்கு வருவோம். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போன இடத்தில், லாகூர் அரசுக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் ஜி.டி.சோந்தி, ஆசியக்காரர்களைக் கூட்டிவைத்து, நமக்கென்று தனிப் போட்டி வேண்டாமா என்று கேட்டார். 1949 பிப்ரவரியில் டெல்லி பாட்டியாலா ஹவுஸில் கூடினார்கள். முதல் ஆசியப் போட்டி டெல்லியில், அடுத்தது மணிலாவில். டெண்டராவது, ஓட்டெடுப்பாவது!

1950-ல் நடத்த வேண்டியது, ஏற்பாடு முடியாமல் 1951 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. (நம்மாளுங்கதானே!) ஜோதி ஏற்றியது செங்கோட்டையில். டெல்லி செங்கோட்டைங்க, பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்து இங்கே வந்துடாதீங்க.

வந்தது 11 நாடுகள். சங்கத்தை ஆரம்பித்த ஐந்து நாடுகளில் ஒன்றான பாகிஸ்தான் வரவில்லை. ஜப்பான் வந்தது. அதுதான் விசேஷம். போரில் தோற்ற நாடு என்று 1948-ல் லண்டன் அதைக் கூப்பிடவே இல்லை. டெல்லி கூப்பிட்டது. வீடு நம்முடையது என்றால் யாருக்கு இலை போடுவது என்பதும் நம் இஷ்டம் அல்லவா?

வந்த ஜப்பான் 24 தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. பந்தி போட்ட நமக்கு 15. இரண்டாவது இடம்.