வண்டியும் வரலாறும்

பழம்பொருளைப் போற்றுதல் மக்களின் இயல்பு. முன்னோர் புழங்கிய பித்தளைக் குடத்தையும், அவர்கள் அமர்ந்த ஊஞ்சற் பலகையையும் கண்டு மகிழாதார் இலர். அண்மைக் காலத்தில் அவ்வரிசையில் மோட்டார் வண்டியும் இடம் பெற்றுள்ளது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓடிய வண்டிகளைத் தேடிப் பெற்று, பழுது நீக்கி, வண்ணம் பூசி, மீண்டும் ஓடச் செய்வதில் பலர் ஆர்வம் கொண்டுள்ளனர். இது நல்ல ஆர்வமே. ஆயினும், அப்பணியில் எழும் ஒரு வினாவைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டியோடு வந்தவற்றை மட்டும் காப்பதா? வண்டியை வைத்துப் பிழைத்தவர் தம் தேவைக்காகத் தம் கையாற் செய்து பொருத்தியவற்றையும் காப்பதா? இவ்வினாவே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

சேலம், நாமக்கல் சமவெளியில் நெடுங்காலம் உழைத்த பிக்கப் வண்டி ஒன்றை மனத்தில் எண்ணிக் கொள்வோம். அதன் முன்பகுதியில் ஓட்டுநர் இருக்கை. பின்பகுதியில் பாரம் ஏற்றும் தட்டு. ஆலையிலிருந்து வந்தபொழுது அதன் உருவம் அவ்வளவே. ஆனால், இன்று கொட்டகையில் கிடக்கும் அவ்வண்டியைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கை உயரமாக அடுக்குவதற்காகப் பக்கங்களில் மரப்பலகைகள் எழுந்து நிற்கின்றன. கயிறு கட்டுவதற்கு இரும்புக் கொக்கிகள் வரிசையாக உள்ளன. தட்டின் கீழே கருவிகள் வைக்கும் மரப்பெட்டி ஒன்று தொங்குகிறது. மேட்டில் நிற்கும் வண்டி பின்னோக்கி உருளாதபடி சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைக்கும் ஓர் இடம் உண்டு. தண்ணீர்க் குடுவைக்கு ஒரு வளையமும், தார்ப்பாயைத் தாங்குவதற்கு வளைந்த கம்பிகளும் உண்டு. இவற்றுள் ஒன்றேனும் ஆலையின் பட்டியலில் இல்லை. எல்லாம் கொல்லரும் தச்சரும் உரியவரும் கூடிச் செய்தவை.

புதுப்பிக்க முனைவோர் பலர் முதலில் இவற்றையே கழற்றி எறிகின்றனர். அவர்கள் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. "ஒரு பொருளைப் புதுப்பித்தல் என்பது அது பிறந்த வடிவத்தை மீட்டல் ஆகும். இடையில் ஒட்டியவை அழுக்கைப் போன்றவை. வடிவமைத்தவர் எண்ணிய அழகு இக்கொக்கிகளாலும் பெட்டிகளாலும் மறைந்து கிடக்கிறது. அதனை வெளிக்கொணர்வதே எம் கடமை" என்பர் அவர்கள். வடிவமைத்தவரின் திறனும் போற்றத்தக்கதே. அதனை மறுப்பார் இலர். ஆயினும், பிறந்த வடிவம் ஒன்றுதான் உண்மை வடிவமா என்று நாம் கேட்டல் வேண்டும்.

பிக்கப் வண்டியின் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் 1908ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' என்னும் காரை வெளியிட்டது. உழவர்கள் அதனை வாங்கிய பின்னர், பின்பகுதியை அகற்றிவிட்டு, மரத்தால் பெட்டி செய்து பொருத்திக்கொண்டனர். சந்தைக்குக் காய்கறியும் பாலும் அதிற் சென்றன. சிலர் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வார் மாட்டி, மரம் அறுக்கும் வாளையும் அதனால் சுழற்றினர். மக்கள் இவ்வாறு செய்து வருவதைக் கண்ட பின்னரே, 1925ஆம் ஆண்டு அந்நிறுவனம் பாரத் தட்டோடு கூடிய வண்டியைத் தன் ஆலையிலேயே செய்து, 281 டாலருக்கு விற்கத் தொடங்கிற்று. எனவே, பிக்கப் என்னும் வண்டி வகையே வீட்டிற் செய்து பொருத்திய பெட்டியிலிருந்து பிறந்தது எனலாம். தாயைத் தள்ளிவிட்டுச் சேயை மட்டும் போற்றுதல் பொருந்துமோ?

நம் நாட்டு நிலையை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். 1947இல் மும்பையில் மகிந்திரா நிறுவனத்தார் ஜீப்பு வண்டிகளைப் பொருத்தத் தொடங்கினர். 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தின் லாரிகள் உருவாயின. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948இல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அந்நாளிலும் அதன் பின்னர் நெடுங்காலமும் இவ்வாலைகள் லாரியை முழுமையாகச் செய்து அனுப்பவில்லை. பொறியும், சட்டமும், சக்கரங்களும் கொண்ட அடித்தளத்தையே அனுப்பின. கூரையும் கதவும் இல்லாத அவ்வெற்றுச் சட்டத்தின்மேல் அமர்ந்து, வெயிலும் புழுதியும் முகத்தில் அறைய, ஓட்டுநர்கள் அதனைத் தொலைதூரம் ஓட்டி வந்தனர். அதற்கு உடல் கொடுத்தவர்கள் நாமக்கல்லைப் போன்ற ஊர்களின் தச்சரும் கொல்லரும் ஆவர்.

லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலில் நாமக்கல் நாடெங்கும் புகழ்பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. சங்ககிரியின் பெயரை எழுதிய லாரிகளை வடகோடியிலும் காணலாம். பருவ மழையை நம்பி வாழ இயலாத வறண்ட நிலத்து மக்கள், சக்கரத்தை நம்பி வாழக் கற்றுக்கொண்டனர். ஓட்டுநர் உறங்க ஒரு பலகை வேண்டும் என்றால் அதனைச் செய்தனர். சமையற் பாத்திரம் வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றால் அதனையும் செய்தனர். வரைபடம் இல்லை, நூலறிவு இல்லை, கண்ணளவும் கையளவுமே அவர்களுக்குத் துணை. அவ்வாறாயின், இந்நிலத்தில் ஓடிய பார வண்டிக்குத் 'தொடக்க வடிவம்' என்று நாம் கூறுவது எதனை? ஆலை அனுப்பிய வெற்றுச் சட்டத்தையா? உள்ளூர்க் கைகள் அதற்குத் தந்த உடலையா? கூண்டைக் கட்டிய கையே கொக்கியையும் அடித்தது. ஒன்றைக் கலை என்று போற்றி, மற்றொன்றைக் குப்பை என்று ஒதுக்குதல் முறையாகுமா?

இக்கைவேலைகள் மற்றொரு வகையிலும் சிறந்தவை. எழுதப்படாத வரலாற்றை அவை சொல்கின்றன. உயர்ந்து நிற்கும் பக்கப் பலகை, சேலம் வட்டாரத்தில் மரவள்ளி பெருகியதையும் ஜவ்வரிசி ஆலைகள் வளர்ந்ததையும் கூறும். முட்டை அட்டைகள் அசையாதபடி அமைத்த சட்டங்கள், நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளைக் கூறும். முறிந்த வில்பட்டையை உலையிலிட்டுக் காய்ச்சி அடித்த கொக்கி, எப்பொருளையும் வீணாக்காத கொல்லரின் சிக்கனத்தைக் கூறும். ஆலையின் ஏட்டில் வண்டியின் எண்ணும் ஆண்டும் இருக்கும். அவ்வண்டி யாருக்கு உழைத்தது, எதனைச் சுமந்தது என்பது இராது. அதனை அறிய விரும்புவோர் இப்பலகையையும் கொக்கியையுமே நாடுதல் வேண்டும்.

அழகற்றது என்று கழற்றி எறிந்தமையால் நாம் இழந்தவை பல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது தமிழ்நாட்டுப் பேருந்துகள் பல, பின்புறம் உயர்ந்த இரும்பு உலையைச் சுமந்து, அடுப்புக்கரியிலிருந்து எழும் வாயுவைக்கொண்டு ஓடின. புறப்படுவதற்கு முன் உலையை மூட்டி, காற்றாடியைச் சுழற்றி, வாயு எழும்வரை காத்திருத்தல் வேண்டும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தவுடன், அவ்வுலைகள் இரும்புக் கடைக்குச் சென்றன. அன்று அவற்றைத் தொல்லை என்று எண்ணினர். இன்றோ, நெருக்கடியை மக்கள் எவ்வாறு வென்றனர் என்பதை மாணவர்க்குக் காட்டுவதற்கு அத்தகைய உலை ஒன்றைக் காண்பது அரிதாகிவிட்டது. கோவையில் 2015இல் திறக்கப்பெற்ற ஜி. டி. கார் காட்சிச்சாலை, கார்களின் வளர்ச்சியை அழகுறக் காட்டுகின்றது. செல்வர் ஊர்ந்த கார்களுக்குக் கிடைத்த அப்பேறு, பாரம் சுமந்த வண்டிகளுக்கும் கிடைத்தல் வேண்டும் அன்றோ?

பெரிய கட்டடங்களைக் காப்போர் இவ்வினாவுக்கு முன்னரே விடை கண்டுள்ளனர். நாமக்கல் மலையை நோக்குங்கள். அதன் அடிவாரப் பாறையிற் குடைந்த கோயில்கள் எட்டாம் நூற்றாண்டின என்பர். உச்சியில் நிற்கும் கோட்டையோ பல நூற்றாண்டுகள் பிந்தியது. குடைவரைக் காலத்தில் இல்லாதது என்று கூறிக் கோட்டை மதிலை இடிப்பார் உண்டோ? ஒரு நினைவுச் சின்னத்தில் எல்லாக் காலத்தாரும் சேர்த்தவற்றை மதித்தல் வேண்டும் என்பது 1964இல் வெனிசு நகரில் அறிஞர்கள் வகுத்த சாசனத்தின் நெறி. அந்நெறியைத் தழுவியே, பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் டியூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ஊர்தியின் தோற்றம் மட்டுமன்றி, அது வாழ்ந்த வாழ்க்கையும் காக்கத்தக்கது என்பதே இச்சாசனங்களின் உட்கருத்து.

"நம் நாட்டுச் சட்டம் இதனை ஏற்குமா?" என்று சிலர் ஐயுறலாம். 2021இல் மத்திய அரசு, ஐம்பது ஆண்டு கடந்த பழைய ஊர்திகளைப் பதிவு செய்வதற்குத் தனி விதிகளை வகுத்தது. அவை தொடக்க வடிவிலேயே காக்கப்பட்டிருத்தல் வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்பது விதி. அவ்விதிகள் இருசக்கர ஊர்திகளையும், சொந்தப் பயன்பாட்டுக்குரிய கார்களையும் கருதியே எழுந்தன. பாரம் சுமந்த வண்டியை அவை கருதவில்லை. உழைத்த வண்டிகளுக்கும் இடம் தரும் வகையில் அவ்விதிகள் விரிவு பெறுதல் நன்று. அடிச்சட்டத்தை அறுத்து நீட்டுவது வேறு. திருகாணியாற் பொருத்திய பெட்டியைக் காப்பது வேறு. இவ்வேறுபாட்டை விதி வகுப்போரும், கண்காட்சிகளில் நடுவராக இருப்போரும் உணர்தல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதனால், வண்டியில் ஒட்டிய ஒவ்வொன்றையும் காக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. உயிருக்குக் கேடு தருவதை வரலாறு என்று போற்றுதல் பேதைமை ஆகும். வெளியே தொங்கும் மின்கம்பிகள், பாதுகாப்பின்றிப் பொருத்திய எரிபொருட் கலன், தடைக் கட்டையின் வலிமைக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றத் தூண்டும் பக்கச் சட்டங்கள் ஆகியவற்றைச் சாலையில் ஓடும் வண்டியில் வைத்திருத்தல் தகாது. முன்புறத்தில் பொருத்தும் கனத்த இரும்புத் தடுப்புகள், நடந்து செல்வோரையும் வண்டியில் இருப்போரையும் ஒருங்கே வருத்துவன. அவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017இல் மாநிலங்களுக்கு எழுதியது. இத்தகையவற்றைக் கழற்றுதலே கடமை.

அவ்வாறாயின், எதனைக் காப்பது, எதனை விடுப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். மூன்று வினாக்கள் போதும். இப்பொருள் வண்டி உழைத்த காலத்தில் உழைப்புக்காகச் செய்யப்பட்டதா? இன்று அதனால் எவர்க்கேனும் தீங்கு உண்டா? அதனை நீக்கினால் வண்டியின் கதையில் ஒரு பகுதி மறையுமா? முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் 'ஆம்' என்றும், இரண்டாம் வினாவுக்கு 'இல்லை' என்றும் விடை வருமாயின், அது வண்டியிலேயே இருத்தல் வேண்டும். தீங்கு உண்டு எனின், கழற்றி எறியாமல், இருந்த இடத்தைப் படம் எடுத்து, பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, தனியே பாதுகாத்தல் வேண்டும். வெறும் பகட்டுக்காகப் பின்னாளில் ஒட்டிய அலங்காரங்களை நீக்குவதில் குற்றம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்ணம் பூசுவதற்கு முன் வண்டியை ஓட்டியவரையும் அதனைப் பழுது பார்த்தவரையும் கண்டு கேட்டு, ஒவ்வொரு பொருளும் எதற்காகச் செய்யப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

இதனை விரைந்து செய்தல் இன்றியமையாதது. பழைய ஊர்திகளைக் கழித்து உடைப்பதற்கான கொள்கையை 2021இல் மத்திய அரசு வெளியிட்டது. புகையும் விபத்தும் குறைய வேண்டுமாயின் அது தேவையே. ஓட்டுநர் அறையின் அமைப்பும் மாறி வருகின்றது. 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து செய்யப்படும் நடுத்தர, கனரகப் பார ஊர்திகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டும் அமைப்பு கட்டாயம் ஆயிற்று. வெயிலில் வாடிய ஓட்டுநர்க்கு இது பெரும் நன்மை, மகிழ்ந்து வரவேற்போம். ஆயினும், மரக்கூண்டு செய்த முதிய தச்சரின் கைத்திறன் நம் கண்முன்னே மறைந்து வருவதையும் மறத்தல் ஆகாது. வண்டியும் போய், செய்தவரும் போனபின் யாரிடம் சென்று கேட்பது?

போரில் விழுப்புண் பட்ட வீரனை நம் முன்னோர் போற்றினர். மார்பிலே தழும்பு உண்டு என்று அவனை இகழ்ந்தாரிலர். உழைத்த வண்டிக்கும் தழும்புகள் உண்டு. அதன் கொக்கியும் பெட்டியும் பலகையும் ஒரு குடும்பம் உண்ட சோற்றுக்குச் சான்று; ஒரு கொல்லரின் அறிவுக்கு அடையாளம். துருவைத் துடைப்போம், பழுதை நீக்குவோம், தீங்கானவற்றைக் கழற்றி வைப்போம். ஆனால், உழைத்த கைகளின் சுவட்டை மட்டும் அழியாது காப்போம். ஆலை தந்த வடிவத்தை வேறோர் ஊரின் வண்டியிலும் காணலாம். நம் ஊரார் தந்த வடிவத்தை நம் ஊர் வண்டியிலன்றி வேறெங்குக் காண்போம்?