கோட்டோரத்தில் நிற்பவருக்காக

கால்பந்தாட்டம் பற்றிப் பேசும் நம்மவர்களிடம் விசித்திரமானதொரு நீதியுணர்வு குடிகொண்டிருக்கிறது. ஆளில்லாத கோலின் முன் நின்று பந்தை வானத்துக்கு அனுப்பும் முன்கள வீரரைத் துரதிர்ஷ்டசாலி என்று மன்னித்துவிடுகிறார்கள். கோட்டோரம் கொடியுடன் ஓடும் துணை நடுவர் ஒரு சாண் பிசகினால் அவர் குருடர், விலைபோனவர், வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டியவர். தீவிர இலக்கியம் வாசிக்கும் நண்பர்களும் இதற்கு விலக்கல்லர். மனித மனத்தின் இருண்ட மூலைகளையெல்லாம் புரிந்துகொள்ளும் அவர்களது கருணை ஆஃப்சைடு கொடியைக் கண்டதும் வற்றிப்போகிறது. இந்த வன்மம் அறியாமையிலிருந்து வருவது என்பதே எங்கள் தரப்பு.

விதி எளிமையானதுதான். சக வீரர் பந்தைத் தொடும் கணத்தில், எதிரணியின் பாதி மைதானத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகில் ஒருவர் நின்று, பின் ஆட்டத்தில் பங்கெடுத்தால் ஆஃப்சைடு. 1866 முதல் மூன்று வீரர்கள் என்றிருந்த கணக்கை 1925இல் இரண்டாக்கினார்கள். 1990 முதல் சமமாக நின்றால் குற்றமில்லை. சிக்கல் அந்தக் 'கணம்' என்ற சொல்லில் இருக்கிறது. பந்து உதைபடுவது நாற்பது மீட்டருக்கு அப்பால். கோடு இருப்பது துணை நடுவரின் மூக்குக்கு நேரே. அதுவும் சுண்ணாம்புக் கோடல்ல, ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரரின் உடம்பு. கண் இரண்டிடத்தில் இருந்தாக வேண்டும். பிரான்சிஸ்கோ பெல்டா மருயெண்டா என்ற ஸ்பானிய மருத்துவர் 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் கணக்கிட்டு எழுதினார். ஆஃப்சைடைத் தீர்மானிக்கத் தேவையான அத்தனை பேரையும் பந்தையும் ஒரே நேரத்தில் கண்ணில் பிடிப்பது மனித உடலுக்கு இயலாத காரியம் என்பதே அவர் முடிவு.

அதற்கு முன்பே, 2000இல், ரவுல் அவுடெயன்ஸ் என்ற டச்சு ஆய்வாளரும் அவர் சகாக்களும் நேச்சர் இதழில் இன்னொன்றைச் சொல்லியிருந்தார்கள். துணை நடுவர் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்காமல் ஓரடி கோல் பக்கம் முந்தி நின்றுவிட்டால், அவருடைய பார்வைக் கோடு சாய்ந்துவிடுகிறது. தடுப்பாட்டக்காரருக்கு அப்பால் சமமாக ஓடும் முன்கள வீரர் முந்தி நிற்பதாகத் தோன்றுவார். இப்பால் ஓடுபவர் பிந்தி நிற்பதாகத் தோன்றுவார். இதில் நேர்மைக்கோ நேர்மையின்மைக்கோ இடமில்லை, வெறும் வடிவகணிதம். போதாதென்று, ஓடும் பொருளை அது இருக்கும் இடத்திற்குச் சற்று முன்னால் காணும் பழக்கமும் மூளைக்கு உண்டு. ஒருவர் கோலை நோக்கியும் மற்றவர் அதற்கு எதிராகவும் வினாடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் ஓடினால், பத்தில் ஒரு வினாடியில் அவர்களிடையே 1.4 மீட்டர் மாறிவிடுகிறது. அதைத்தான் நாம் 'பட்டப்பகல் கொள்ளை' என்கிறோம்.

எங்கள் ஊர் அவிநாசிபாளையம். சுற்றிலும் பனியன் தொழில். இங்கே கண்ணால் தீர்ப்புச் சொல்லிப் பிழைப்பவர்கள் ஏராளம். செக்கிங் மேசையில் விளக்கடியில் நின்று ஒவ்வொரு பீஸாகத் திருப்பி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல் பார்க்கும் பெண்களைச் சொல்கிறோம். அவர்கள் முன் துணி அசையாமல் கிடக்கிறது. அப்படியிருந்தும் வெளிநாட்டு பையர் முழுமையைக் கேட்பதில்லை. ஏ.க்யூ.எல். 2.5 என்ற வழக்கமான அளவுகோலில், சுமார் மூவாயிரம் பீஸ் கொண்ட சரக்கிலிருந்து 125 எடுத்துப் பார்ப்பார்கள். பழுது ஏழு வரை இருந்தால் சரக்கு தேறும், எட்டானால் திரும்பும். இரக்கமற்றது என்று நாம் ஏசும் ஏற்றுமதி வணிகமே பிழைக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. கலையென்றும் காவியமென்றும் நாம் கொண்டாடும் ஆட்டத்தில் அந்த இடம் பூஜ்யம்.

கோமளீஸ்வரன் சங்கர் என்ற பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தமிழ்நாட்டுக்காரர். 2002இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர். இந்திய அணி இன்றுவரை ஆடியிராத அந்த மைதானங்களில் நம்மவர் ஒருவர் நின்றிருந்தார். அதே போட்டியில்தான் இத்தாலியின் தொமாசி அடித்த கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. ஸ்பெயினின் ஹோக்கின் தூக்கியனுப்பிய பந்து கோட்டைத் தாண்டியதாகக் கொடி உயர்ந்து, மோரியெண்டஸ் தலையால் அடித்த கோல் செல்லாமற்போனது. இரண்டிலும் சங்கருக்குத் தொடர்பில்லை. ஆனால் எழுந்த கூச்சல் 'சின்ன நாட்டுத் துணை நடுவர்கள்' அனைவரின் தலையிலும் விழுந்தது. 2006 முதல் நடுவரும் துணை நடுவர்களும் ஒரே நாட்டிலிருந்தோ ஒரே பிராந்தியத்திலிருந்தோ குழுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒரே மொழி பேசுபவர்கள் சேர்ந்து பணியாற்றுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆயினும் பெரிய நடுவர் இல்லாத நாட்டின் நல்ல துணை நடுவருக்கு வாசல் குறுகிவிட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2022 வரையிலான ஆடவர் உலகக் கோப்பைகளில் இன்னொரு இந்தியர் கொடி பிடிக்கவில்லை.

எந்திரம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது. 2022இல் கத்தாரில் 12 காமிராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை அளந்தன; பந்துக்குள் இருந்த கருவி வினாடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது. வியப்புக்குரியதுதான். இத்தனை செல்வம் எல்லா மைதானத்திலும் இல்லை. பந்தில் கருவியின்றி, வினாடிக்கு 50 படம் எடுக்கும் காமிராவை மட்டும் நம்பினால், மேற்சொன்ன வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 28 சென்டிமீட்டர் நழுவிவிடும். ஆனாலும் கால்விரல் நுனிக்குக் கோடு போடுகிறார்கள். 2024 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மூன்று கோல் பின்தங்கி மீண்டெழுந்த காவன்ட்ரி அணி 121ஆம் நிமிடத்தில் அடித்த வெற்றிக் கோல் அப்படித்தான் அழிந்தது. அழித்தது மனிதக் கண் அல்ல என்பதால் நியாயம் கூடிவிட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்ததைச் சொல்லி எங்களை மடக்கலாம். பந்து கோல் கோட்டுக்கு வெளியே போனபின் உள்ளே இழுக்கப்பட்டு, யூசுப் அய்மன் அடித்த கோலால் கத்தார் சமன் செய்தது. இந்தியா 2–1 எனத் தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. அது பிழை, பாதுகாக்க மாட்டோம். ஆனால் அங்கே கோடு அசையவில்லை, தரையில் வரைந்திருந்தது. அந்தப் பிழைக்கான கோபத்தை ஆஃப்சைடு கொடி ஒவ்வொன்றின் மீதும் கொட்டுவது என்ன தர்க்கம்?

எந்திரத்தை வாங்கு என்று சம்மேளனத்தை நோக்கிக் கூவுவது சுலபம். மாவட்ட அளவிலான துணை நடுவருக்கு ஓர் ஆட்டத்துக்கு என்ன கொடுக்கிறார்கள், தன் பிழைகளைத் திரும்பப் பார்த்துக்கொள்ள ஒரு காணொளியாவது தருகிறார்களா என்று கேட்பதில் யாருக்கும் ஆர்வமில்லை. கோடுகள் ஒரு முழங்கை அகலத்துக்குள் இருந்தால் களத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கட்டும் என்று விதியிலேயே எழுதிவிடலாம். செக்கிங் மேசையில் ஏழு பழுது அனுமதிக்கப்படுவதைப்போல. கிராமத்துப் போட்டிகளிலோ இன்னும் அந்தக் கொடியை உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் கையில் திணித்துவிட்டு, முதல் பாதி முடிவதற்குள் அவரை அடிக்கப் போகிறோம்.