நடுகல்லும் வெள்ளித்திரையும்

சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலை, நம் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுகூடி 'அமரன்' படத்தைத் தொலைக்காட்சியில் கண்டோம். படம் முடிந்து விளக்கை ஏற்றியபோது, பெரியவர்கள் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நம் அருகே வந்து, "மாமா, இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?" என்று கேட்டான். "நடந்ததுதான்" என்று ஒரே சொல்லில் விடை கூறி அவனை அனுப்பிவிட்டோம். வீடு திரும்பிய பின்னரே அவ்விடை போதாது என்பது நமக்குப் புலனாயிற்று.

நாட்டின் தலையாய வீர விருதுகளைப் பெற்றோரைப் பற்றிய படங்கள் இந்நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நம் பிள்ளைகள் அவ்வீரர்களைப் பாடநூலில் காணுமுன்னரே திரையில் கண்டுவிடுகின்றனர். ஆதலின் அச்சிறுவனுக்கு நாம் தரவேண்டிய முழு விடையை இத்திங்கள் அன்பர்களோடு சேர்ந்து தேட விழைகிறோம்.

வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வணங்கியவர்கள் நம் முன்னோர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்துடையவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் போரில் மாண்ட ஒருவனது பெயரையும் ஊரையும் மட்டுமே சொல்கிறது. அடைமொழி இல்லை, ஆரவாரமும் இல்லை. சில சொற்களே ஈராயிரம் ஆண்டுகளாக அவனைக் காத்து நிற்கின்றன.

இக்காலத்து விருதுக் குறிப்பும் அத்தகையதே. பகைவர் முன்னிலையில் காட்டும் ஒப்பற்ற வீரத்திற்கு உரியது பரம்வீர் சக்கரம். அது 26-1-1950 அன்று நிறுவப்பெற்று, 15-8-1947 முதல் செல்லுமென அறிவிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்தியரை மணந்த சாவித்திரி கானோல்கர் என்னும் அம்மையார் அதனை வடிவமைத்தார். இந்திரனது வச்சிராயுதம் நான்கு பொறித்த வெண்கல வட்டம் அது. இதுவரை அதனைப் பெற்றவர் 21 பேர். அவர்களுள் 14 பேருக்கு மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. களமல்லாத பிற இடங்களில் காட்டும் வீரத்திற்கு உரிய தலையாய விருது அசோகச் சக்கரம். 25-4-2014 அன்று காஷ்மீரத்துச் சோபியான் மாவட்டத்தில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு வழங்கப்பட்டது இதுவே.

விருதுக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. படமோ மூன்று மணி நேரம் ஓடவேண்டும். இடைவெளியைக் கற்பனை கொண்டு நிரப்பாமல் படம் எடுக்க இயலாது. அது குற்றமன்று. ஆனால் எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

சில வேளைகளில் கற்பனைக்குத் தேவையே இருப்பதில்லை. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் புலிக்குன்றின்மேல் ஏறிய கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. பல குண்டுகள் பாய்ந்தும் அவர் போரிட்டார். பரம்வீர் சக்கரம் மறைவுக்குப் பின் வழங்கப்படுவதாக முதலில் அறிவிக்கப்பட்டது. அவரோ மருத்துவமனையில் உயிரோடிருந்தார்! கதாசிரியர் ஒருவர் இதனைத் தாமே எழுதியிருந்தால், 'இது நம்பத் தக்கதன்று' என்று நாமே சொல்லியிருப்போம். 2003இல் வந்த 'எல்.ஓ.சி. கார்கில்' என்னும் இந்திப் படத்தில் அவரையும் காண்கிறோம். அப்போரில் மாண்ட கேப்டன் விக்ரம் பத்ராவைப் பற்றிய 'ஷேர்ஷா' 2021இல் வெளிவந்தது. அதனை இயக்கியவர் தமிழ்த் திரையுலகைச் சேர்ந்த விஷ்ணுவர்தன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

விருது ஒருவர் மார்பில் ஏறுகிறது. களத்தில் நின்றவரோ பலர். 18-11-1962 அன்று லடாக்கின் ரெசாங்லாவில், உறைபனிக்கு நடுவே சீனப் படையை எதிர்த்து நின்றது குமாவுன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி. அதன் தலைவர் மேஜர் சைத்தான் சிங் பரம்வீர் சக்கரம் பெற்றார். அவருடன் நின்றோருள் பெரும்பாலோர் அங்கேயே மாண்டனர். இந்நிகழ்ச்சியைப் பற்றிய '120 பகதூர்' 2025இல் திரைக்கு வந்தபோது, வீரர்களுள் மிகுதியானோர் தோன்றிய ஆஹிர் சமூகத்தார், தலைவரை மட்டுமே உயர்த்தி ஏனையோரை மறைப்பதாகக் குறைபட்டு நீதிமன்றம் வரை சென்றனர். வழக்கின் முடிவு எவ்வாறாயினும் அவர்தம் உள்ளக் குமுறல் நமக்கு விளங்குகிறது. தன் மகனும் அங்கே நின்றான் என்பதை உலகம் அறியவேண்டும் என்று விரும்பாத தாய் உண்டோ?

இனி, துப்பாக்கியின் மறுமுனை. 'அமரன்' படத்தை இராஜ்குமார் பெரியசாமி இயக்கினார். அது 2024 தீபாவளிக்கு வெளிவந்தது. வீரனின் மனைவி சொல்லும் கதையாக அது அமைந்தமை நம் உள்ளத்தை உருக்கியது. காத்திருக்கும் வீட்டை இவ்வளவு நெருங்கிக் காட்டிய போர்ப்படங்கள் குறைவு. ஆயினும் காஷ்மீர மக்களைக் காட்டிய முறை நேர்மையன்று எனத் தமிழகத்து முஸ்லிம் அமைப்புகள் சில எதிர்ப்புத் தெரிவித்தன. வீரனைப் போற்றுவோர் இக்குறையையும் காது கொடுத்துக் கேட்பதில் இழுக்கில்லை.

மறுமுனையையும் மனிதராகக் காண இயலும் என்பதற்குச் சான்று, ஸ்ரீராம் ராகவன் இயக்கி 2026 சனவரி முதல் நாளில் வெளிவந்த 'இக்கீஸ்'. அச்சொல்லுக்கு இருபத்தொன்று என்பது பொருள். 16-12-1971 அன்று பசந்தர் களத்தில், எரியும் டாங்கியை விட்டிறங்க மறுத்துப் போரிட்டு மாண்ட அருண் கேத்தர்பாலின் வயது அது. முப்பது ஆண்டுகள் கழித்து, அவருடைய தந்தை தாம் பிறந்த மண்ணைக் காணப் பாகிஸ்தான் சென்றார். அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்த படையதிகாரி, இறுதியில், "உங்கள் மகன் வீழ்ந்தது என் கையால்" என்ற உண்மையை வெளியிட்டார். இது நடந்த செய்தி. இதனைக் காட்டியதால் அருணின் வீரம் குன்றிவிடவில்லை. மேலும் ஒளி பெற்றது என்றே சொல்வோம்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது வேறொரு வீரர் நம் நினைவில் வந்து நிற்கிறார். மேஜர் இராமசாமி பரமேசுவரன் 1946இல் பம்பாயில் பிறந்தவர். நம்மைப் போன்றே பிழைப்பு நாடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தார் நடத்தும் நிலையங்களில் பயின்றவர். 25-11-1987 இரவு, இலங்கையில் அமைதிப்படைப் பணியின்போது, பதுங்கித் தாக்கியோரை எதிர்த்துக் கைகலந்தார். மார்பில் குண்டேந்திய நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்தினார். மூச்சு அடங்கும்வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டார். அமைதிப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது.

அவருக்கு எதிரே நின்றவர்களும் தமிழ் பேசியவர்களே. அங்கும் தாய்மார் அழுதனர். அந்த ஆண்டுகளின் காயம் ஈழத்துத் தமிழர் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. அவர் கதையைப் படமாக்க ஒருவர் முன்வருவாராயின், கைதட்டலுக்காக ஒரு காட்சியைக்கூட அவரால் எழுத இயலாது. பரமேசுவரனின் வீரத்தை ஒரு சொல்லும் குறைக்காமல், எதிர்ப்புறத்துத் துயரத்தை ஒரு சொல்லும் மறைக்காமல் எடுக்கவேண்டும். அதைக் காட்டிலும் அரிய சோதனை தமிழ்த் திரைக்கு வேறில்லை என்போம்.

தலைநகரின் தேசியப் போர் நினைவிடத்தில், பரம யோத்தா ஸ்தலம் என்னும் பகுதியில், 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் வரிசையாக நிற்கின்றன. அடுத்த விடுமுறையில் அச்சிறுவனை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். ஒவ்வொரு சிலையின் அடியிலும் உள்ளதைப் படித்துக் காட்டி, "தம்பி, இது நடந்தது. நீ திரையில் பார்த்ததில் இதற்கு மேலிருப்பது, சிலர் அன்பினாலும் சிலர் வாணிபத்தினாலும் சேர்த்தது. இரண்டையும் பிரித்தறிந்த பின்னரும் உன் தலை தானாகத் தாழுமாயின், அதுவே வணக்கம்" என்று சொல்வோம்.

அன்று அவசரத்தில் ஒரே சொல்லில் சொல்லி முடித்த விடைக்கு, இதுவே நாம் செய்யும் திருத்தம்.